‘வெட்டணும்’ என்று சொன்ன சாட்சி

தாதிப் பணியில் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இனி யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கெலாங் பாத்தாவில் மகள் வீட்டோடு வந்து உட்கார்ந்தேன். ஹயாத்தி விடுவாளா? என் வார்டில் வேலைக்கு வந்த முதல் நாள் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தலைகீழாகக் கட்டியவள் அவள். இப்போது ஓர் அரசாங்க மருத்துவமனையில் மேட்ரன். சென்ற மாதம் நான்கு பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “காக், தோலோங் லா” என்று எழுதியிருந்தாள். அவளுக்கு நான் அக்கா. உதவி வேண்டும்போது மட்டும்தான் அக்கா.

அறுவைச் சிகிச்சைக்கு நோயாளி சம்மதம் தரும் படிவத்தை மாற்றுகிறார்களாம். இனிமேல் காகிதம் கிடையாது. கையில் பிடிக்கிற கணினிப் பலகையில் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் வரும். நோயாளி விரலால் தொட்டால் போதும். தமிழ்ப் பக்கத்தில் பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிழைக்கா பஞ்சம்? எழுதியவர் நன்றாகப் படித்தவர்தான். ஆனால் ஒரு நோயாளியிடமும் பேசியதில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘கால் வெட்டு அறுவைச் சிகிச்சை’ என்று இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்று அதற்கு மேல் திருத்த முடியவில்லை.

அந்தச் சொல்லை நான் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறகு அது முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது. ஜொகூர் பாருவில் மூன்று வருடம் தாதிமைப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதில் ஆரம்பித்து, திட்டு வாங்கினால் அழாமல் நிற்பது வரைக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஊசி போடப் பழகினேன், பிணத்தைத் துடைக்கப் பழகினேன். எங்கள் ஜனங்கள் தாதியை ‘மிஸ்ஸி’ என்பார்கள். இருபத்திரண்டு வயதில் மிஸ்ஸி ஆனேன்.

இந்த நாட்டில் சட்டம் ரொம்பத் தெளிவானது. வயது வந்து, புத்தி தெளிவாக இருக்கும் ஒருவர் உடம்பில் கத்தி வைக்க வேண்டுமானால், என்ன செய்யப் போகிறார்கள், செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் வாயால் சரி என்று வாங்க வேண்டும். புருஷன் தர முடியாது, மகன் தர முடியாது. படிவத்தின் அடியில் மூன்று கோடுகள். ஒன்று நோயாளிக்கு. ஒன்று விளக்கிய மருத்துவருக்கு. மூன்றாவது சாட்சிக்கு. முக்கால்வாசி நேரம் அந்த மூன்றாவது கோட்டில் கையெழுத்துப் போட்டது என் போன்ற மிஸ்ஸிகள்தான். மருத்துவர் மலாயில் சொல்வார், நாங்கள் தமிழில் சொல்வோம், கிழவர் தலையாட்டுவார், மை டப்பாவை நீட்டுவோம். ஐந்து நிமிட வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும்.

எங்கள் வார்டின் பொறுப்பாளர் சிஸ்டர் பரமேஸ்வரி. அவருடைய அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். பேச்சு கடைசி வரைக்கும் அந்த ஊர்ப் பேச்சுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அப்போதுதான் நமக்குக் குலை நடுங்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் சம்மதம் வாங்கி முடித்த பிறகு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளி பக்கத்தில் உட்காருவார். நின்றுகொண்டு கேட்க மாட்டார். “உங்களுக்கு என்ன செய்யப் போகினம் எண்டு எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்பார். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பார். சரியாகச் சொல்லவில்லையென்றால் படிவத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு. மறுபடியும் முதலிலிருந்து.

நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிற டீச்சர் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு நாள் நான் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன், “அதான் நாங்க எல்லாம் சொல்லிட்டோமே சிஸ்டர், திரும்ப எதுக்கு?” என்று. “நீர் சொன்னதுக்கு நீர் சாட்சி. அவ விளங்கிக்கொண்டதுக்கு ஆர் சாட்சி?” என்றார். எனக்கு அப்போது அது வீண் வம்பாகத்தான் பட்டது.

வேலையில் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தபோது அஞ்சலையம்மா வந்தார். லாயாங் லாயாங்கில் மகன் வீடு. வயது அறுபத்து மூன்று. இனிப்பு நீர் வியாதி பதினைந்து வருடமாக. வலது காலில் மூன்று விரல்கள் கறுத்து, புண் கணுக்காலைத் தாண்டிவிட்டது. கட்டுப் பிரித்தால் வார்டே மூக்கைப் பொத்தும். அவரோ, “ரொம்ப நாறுது இல்ல மிஸ்ஸி? நானே மூக்கைப் புடிச்சிக்கிறேன்” என்று சிரிப்பார். மகன் குணாளன் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். சர்ஜன் போனில் அவனிடம் பேசினார். “டாக்டர் என்ன சொல்றாரோ செஞ்சிடுங்க” என்றானாம்.

திங்கட்கிழமை காலை. சிஸ்டர் வேறொரு மருத்துவமனையில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வார்டில் ஆள் குறைவு, எனக்குப் பதினோரு படுக்கை. பயிற்சியில் இருந்த சின்ன டாக்டர் படிவத்தோடு வந்து நின்றார். “மிஸ்ஸி, மக்சிக்கிட்ட சொல்லுங்க, காக்கி கெனா பொத்தோங்” என்றார். மக்சி என்றால் பெரியம்மா; காலை வெட்ட வேண்டும் என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன்.

“அம்மா, கால வெட்டணும்னு டாக்டர் சொல்றாரு. முட்டிக்குக் கீழ.”

“வெட்டணுமா?” காலைக் குனிந்து பார்த்தார். “வெட்டாம விட்டா?”

“விஷம் மேல ஏறிடும்மா. உயிருக்கு ஆபத்து.”

“அப்பச் சரி லா. வெட்டட்டும்.”

அவ்வளவுதான். அழவில்லை, ஐயோ என்று ஒரு வார்த்தை இல்லை. தைரியசாலி என்று நினைத்தேன். கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி முதல் கோட்டில் வைத்தேன். மூன்றாவது கோட்டில் என் கையெழுத்து. அடுத்த படுக்கைக்காரர் சிறுநீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், ஓடிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவரை நான்தான் அறுவைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வெளியே காத்திருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, மூக்குத்தி மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். கைப்பட்டையில் பெயர், அடையாள அட்டை எண் சரிபார்த்தேன். எந்தக் கால் என்று குழம்பக் கூடாது என்பதற்காக வலது கெண்டைக்காலில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதையும் பார்த்தேன். அஞ்சலையம்மாவும் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்.

“மிஸ்ஸி, அந்தச் சின்ன டாக்டருக்குக் கோடு போடத் தெரியல லா. இப்படியா நேராப் போடுவாங்க? சாய்வாப் போட்டாத்தானே நல்லா வடியும்?”

“என்னம்மா வடியும்?”

“சீழுதான்.” ஆள்காட்டி விரலால் காலில் இடமிருந்து வலமாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “முப்பது வருஷம் மரம் வெட்டியிருக்கேன். பட்டை மட்டுந்தான் சீவணும், உள்ள பட்டுடக் கூடாது. கீழ மங்கு வெப்பீங்களா, இல்ல துணிதானா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற கிண்ணம். தோட்டத்தில் ரப்பர் மரத்தை யாரும் ‘சாய்க்க’ வெட்டுவதில்லை. ‘மரம் வெட்டுறது’ என்றால் பட்டையைக் கீறிப் பால் வடிய விடுவது. வெட்டு முடிந்தால் மரம் அப்படியே நிற்கும், பட்டை திரும்ப வளரும், கொஞ்ச வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் ‘இன்னிக்கி வெட்டு இல்ல’ என்றால் வெளியே மழை என்று அர்த்தம். என் அம்மாவும் வெட்டுக்காரிதான். இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். வேறு எந்த மிஸ்ஸி இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னித்துவிடலாம். நான் செய்யலாமா? அந்த அம்மா இரண்டு நிமிடம் கழித்து வாயைத் திறந்திருந்தால் காலில்லாமல் கண் விழித்திருப்பார், சாட்சி என்று என் பெயர் இருந்திருக்கும்.

“அம்மா, கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இந்த நோயாளிக்குச் செய்ய முடியாது என்றேன். சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, நல்ல கைராசிக்காரர், ஆனால் பட்டியலில் இன்னும் நான்கு பேர். கைரேகை இருக்கிறதே, மகனும் சரி என்றானே என்றார். நான் சொன்ன விளக்கத்தை அவர் முழுக்கக் கேட்டார் என்று சொல்ல முடியாது. “நீயே உள்ளே வந்து ஒரு தடவை சொல்லிவிடு, இங்கேயே மயக்க மருந்து கொடுத்துவிடலாம்” என்றார் ஆங்கிலத்தில். வார்டுக்கு போன் போட்டு, “சிஸ்டர், உடனே வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

சிஸ்டர் பரமேஸ்வரி ஓடி வரவில்லை. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வந்தார், என்னைக் கேட்டார்.

“நீர் அவவிட்ட என்ன எண்டு சொன்னீர்?”

“வெட்டணும்னு சொன்னேன் சிஸ்டர்.”

“அவ என்ன விளங்கினவ?”

சொன்னேன். படிவத்தைக் கையில் வாங்கி, சர்ஜன் கண் முன்னாலேயே குறுக்கே கோடு போட்டார். பிறகு ரொம்ப மெதுவாக, “டாக்டர், இப்போது உங்களிடம் சம்மதம் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சர்ஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிஸ்டர் என்னைத்தான் சொல்லச் சொன்னார். “நீர்தான் சொன்னீர். நீரே சொல்லும்.” சொன்னேன். “அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். கீறி விடுறது இல்ல. முட்டிக்குக் கீழ கால எடுத்துடுவாங்க. திரும்ப வராது.” அஞ்சலையம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். “அடிப்பாவி” என்றார். சரியான வார்த்தைதான். “வேணாம். என் காலு எனக்கு வேணும்” என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அன்று மாலை குணாளன் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து நேராக வார்டுக்கு வந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. “நான் மகன். நான் சொல்றேன், எடுத்துடுங்க. எங்க சைன் பண்ணணும்?” என்றான். “தம்பி, இது உங்கட கால் இல்லை” என்றார் சிஸ்டர். “எங்கம்மா செத்தா உங்க சட்டம் வந்து கொள்ளி வெக்குமா?” என்று கத்தினான். கையில் இருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. அவன் கேட்டதில் என்ன தப்பு? எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து, அந்த அம்மா உயிரோடு இருப்பார் என்பது உறுதியாகியிருக்கும். இப்போது எதுவும் உறுதியில்லை.

சிஸ்டர் ஒரு முறை வகுத்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, சர்ஜனே வந்து சொல்ல வேண்டும். நான் தமிழில் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் யாரும் நச்சரிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரியை விட்டுப் பேச வைக்கவும் கூடாது. மருந்தும் கட்டும் குறையாமல் நடக்க வேண்டும். அஞ்சலையம்மா கேட்கும் கேள்வியை நான் அப்படியே எழுதிக்கொண்டு போய்ப் பதில் வாங்கி வர வேண்டும். இதற்கிடையில் நடந்த தவறைப் பற்றி என் கையாலேயே ஓர் அறிக்கை எழுதச் சொன்னார். ‘நோயாளிக்குப் புரிந்ததா என்று கேட்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

புதன்கிழமை அஞ்சலையம்மா கேட்டார், “எடுத்துட்டா எப்படி நான் கக்கூஸ் போறது?” பதில் கொண்டு வந்தேன். கட்டைக்கால் போட்டால் நடக்கலாமா என்றார். முட்டி இருந்தால் சுலபம் என்று சர்ஜன் சொன்னதைச் சொன்னேன். “யோசிக்கிறேன்” என்றார். வியாழக்கிழமை காய்ச்சல் ஏறியது. கெண்டைக்காலில் சிவப்பு முட்டியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் தினமும் பேனாவால் அதன் எல்லையைக் குறித்து வைத்தேன்; மறுநாள் காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். அந்த அம்மாவுக்கும் அது தெரியும். குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பார்.

அன்று மதியம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, “மிஸ்ஸி, எடுத்த கால என்னா பண்ணுவாங்க?” என்றார்.

எனக்குத் தெரியும். யாரும் கேட்காவிட்டால் மற்ற மருத்துவக் கழிவுகளோடு எரிக்கப் போய்விடும். மழுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை இவரிடம் சொல்லைத் தவற விட்டவள் நான். உள்ளதைச் சொன்னேன்.

“குப்பையோடயா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இந்தக் காலுல எத்தனை மலை ஏறியிருக்கேன் தெரியுமா? குப்பையிலயா போடுவீங்க?”

அதுவரை நான்கு நாளாக உயிர், ஆபத்து, விஷம், முட்டி என்று என்னென்னவோ பேசியிருந்தோம். இதை யாரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. நான் சிஸ்டரிடம் ஓடினேன். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் ஒப்படைப்பார்கள். அதற்கென்று படிவமே இருக்கிறது. அதைக் கொண்டு வந்து காட்டினேன். குணாளன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம சுடுகாட்டுலயே பொதைச்சிடுறேன்மா, அப்பா பக்கத்துல” என்றான். அப்போதுதான் அவர் முகம் இளகியது. “செய். நான் பின்னாடி வரேன், அது முன்னாடி போய் எடம் புடிச்சி வெக்கட்டும்” என்றார். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குணாளன் அழுதுவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை புதுப் படிவம். சர்ஜன் விளக்கினார், நான் சொன்னேன். சிவப்பு ஏறிவிட்டதால் இப்போது முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “என்ன செய்யப் போகினம்?” என்று கேட்டார். அஞ்சலையம்மா ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். “முட்டிக்கு மேல எடுப்பாங்க. எடுத்தா பொழைப்பேன்னு சொல்றாங்க, உறுதி இல்ல. எடுக்கலன்னா போயிடுவேன். கால எம்மவன் வாங்கிட்டுப் போவான். இது மரம் இல்ல, பட்டை திரும்ப வளராது.” மை டப்பாவை நீட்டி நான் விரலைப் பிடிப்பதற்குள் அவரே கட்டைவிரலை ஒற்றிக்கொண்டார். மூன்றாவது கோட்டில் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் போட்ட எந்தக் கையெழுத்தும் அப்படிக் கனத்ததில்லை.

பிழைத்துக்கொண்டார். சர்ஜன் தையல் போட்டுவிட்டு வெளியே வந்தபோது என்னிடம், செவ்வாய்க்கிழமையே செய்திருந்தால் முட்டி தங்கியிருக்கும் என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அது உண்மை. திங்கட்கிழமையே நான் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அதுவும் உண்மை. பிறகு இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சாட்சியாக எத்தனை கையெழுத்து என்று கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புது மிஸ்ஸிகள் எனக்கும் டீச்சர் என்றுதான் பெயர் வைத்தார்கள். அதில் ஹயாத்தியும் ஒருத்தி.

படிவத்தைத் திருத்தி அவளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். ‘வெட்டு’ என்பதை அடித்துவிட்டு, ‘காலை எடுத்துவிடுதல். எடுத்த கால் திரும்ப வராது’ என்று எழுதினேன். கீழே, ‘நோயாளி தம் சொந்த வார்த்தையில் சொன்னது’ என்று தலைப்புப் போட்டு நான்கு வரி இடம் விடச் சொன்னேன். பலகையில் அவ்வளவு இடம் இல்லையாம். தொட்டால் போதும் என்பதுதானே புது முறை என்கிறாள். அப்படியானால் பலகையே வேண்டாம் என்று பதில் போட்டேன். பேச்சு இன்னும் நடக்கிறது. இடையில் இந்தக் கதையைச் சொன்னதும் அவள் ஒன்று கேட்டாள்: “காக், கடைசியில் அந்த மக்சிக்கு முட்டியும்தானே போனது? நிறுத்தியதால் அவருக்கு என்ன லாபம்?”

அதே கேள்வியை நான் அஞ்சலையம்மாவிடமே கேட்டிருக்கிறேன். ஏழெட்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். சக்கர நாற்காலியைக் குணாளன் தள்ளிக்கொண்டு வந்தான். முட்டி இல்லாததால் கட்டைக்கால் அவருக்குச் சரியாக அமையவில்லை. அவன் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அம்மா, முட்டி போனதுல எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இல்லாம? உன்ன அடிக்கணும்போல இருந்துச்சு” என்றார். பிறகு தொடை மேல் கையை வைத்துக்கொண்டு, “ஆனா இத நான் குடுத்தேன் மிஸ்ஸி. அன்னிக்கி விட்டிருந்தா நீங்க எடுத்திருப்பீங்க” என்றார்.

குணாளன் மருந்துப் பையோடு திரும்பி வந்தான். அவர் அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டி, மேலே ஒட்டியிருந்ததைப் படிக்கச் சொன்னார். படித்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால்.

“இரு, எழுந்திரிக்காத” என்றார். “நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு நீ பாரு.”